இரவல் கோட்டு

நிக்குலினாவின் கோட்டு தெருவில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவள் ஒல்கூத்தா. சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு, கழுத்தைச் சுற்றி நரித்தோல், இடது பை ஓரத்தில் நிக்குலினா கையை நுழைத்து நுழைத்துத் தேய்ந்துபோன இடம். கோழிகளுக்குச் சோளம் இறைத்துக்கொண்டிருந்த ஆங்கெல் வேலி வழியாக அதைப் பார்த்துவிட்டு, இவள் எங்கே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாள் என்று ஒரு நொடி நினைத்தார். போன குளிர்காலம் முழுக்க இப்படித்தான் ஏமாந்தார். இந்தக் குளிர்காலமும் ஏமாறுகிறார். கோட்டுக்கும் பெண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரிய இவ்வளவு நேரமா என்று அவருக்கே எரிச்சலாக இருந்தது. சமையலறைக்குள் நிக்குலினா இருமும் சத்தம் கேட்டது. மிச்சச் சோளத்தை ஒரே வீச்சாக இறைத்துவிட்டு உள்ளே போனார்.

கோட்டை யாரும் திருடவில்லை. நிக்குலினாவே தூக்கிக் கொடுத்தது. ஓல்த் ஆற்றங்கரையில் இந்தப் பக்கத்து ஊர்களில், செத்த பிறகு பிள்ளைகள் ஒழுங்காகப் பந்தி போடுவார்களோ மாட்டார்களோ என்று சந்தேகம் உள்ளவர்கள், உயிரோடு இருக்கும்போதே தங்கள் ஆத்துமாவுக்குத் தாங்களே பந்தி போட்டுக்கொள்வார்கள். பாதிரியார் வந்து செபம் படிப்பார். கோதுமையை வேகவைத்து மேலே சர்க்கரையால் சிலுவை போடுவார்கள். முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டிப் பெரிய பானைகளில் வைப்பார்கள். சாப்பிட்டு முடித்தவர்களுக்குத் தட்டு, போர்வை, செருப்பு, நாற்காலி என்று எரிகிற மெழுகுவத்தியோடு சேர்த்துத் தானம். வாங்குகிறவர் ‘ஆண்டவர் மன்னிப்பாராக’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அந்தப் பொருள் அந்த உலகத்தில் கொடுத்தவருக்காகக் காத்திருக்கும். இந்த உலகத்தில் அதை மறுபடி ஆசையோடு பார்க்கக்கூடக் கூடாது. எண்பது வயதுக் கிழங்கள் இப்படிப் பந்தி போட்டுவிட்டு அதற்கப்புறமும் தெம்பாகத் தோட்டத்தைக் கொத்திக்கொண்டிருப்பார்கள், யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. நிக்குலினா பந்தி போட்டபோது அவளுக்கு அறுபதுதான் தாண்டியிருந்தது.

அது எப்படி ஆரம்பித்தது என்று இப்போது யோசித்தாலும் ஆங்கெலுக்குப் பிடி கிடைப்பதில்லை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். வீட்டில் பீன்ஸும் புளித்த கோஸும்தான். நிக்குலினாவின் வயிறு உப்பியது. தவக்காலத்தில் யாருக்குத்தான் உப்பாது? ரெண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை என்றாள். விரதம் பழகிவிட்டது என்றார் இவர். அடிக்கடி கொல்லைப்பக்கம் எழுந்து போனாள். வயசாகிறது என்று அவளே சொன்னாள். ஊர் டாக்டர் வாயு மாத்திரை கொடுத்தார். ஈஸ்டரும் வந்தது, முட்டையும் ஆட்டுக்கறியும் வந்தன, வயிறு மட்டும் இறங்கவில்லை. பாவாடை நாடா பத்தவில்லை. கை காலெல்லாம் வற்றிப்போய் வயிறு மட்டும் எட்டு மாசக்காரிபோல முன்னால் வந்து நின்றபோதுதான் இவர் காரை எடுத்தார்.

கிரயோவா பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி குத்தி வாளி கொள்ளாத தண்ணீரை எடுத்தார்கள். அதற்கப்புறம் ஒரு டாக்டரம்மா, பேர் பனா, சின்ன உருவம், தூக்கமே இல்லாத கண்கள், இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சினைப்பையில் புற்று என்றாள்.

“சினைப்பைன்னா இவ்வளவுதான் இருக்கும், ஒரு வாதுமைக் கொட்டை அளவு” என்று விரல் நுனியைக் காட்டினாள். “ஆனா குடல், கல்லீரல் எல்லாம் அதோட ஒரே அறையில இருக்கு. நடுவுல கதவு கெடையாது. அங்கேருந்து கெளம்புறது எங்க வேணா போய் ஒட்டிக்கும். தண்ணி கோத்துக்கிட்டதும் அதனாலதான்.”

“வலியே இல்லையேம்மா” என்றார் ஆங்கெல். ஏதோ வியாபாரத்தில் ஏமாற்றப்பட்டவர் குரலில்.

“வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருப்பீங்க. இது சத்தம் போடாது. வயிறு உப்பும், ரெண்டு வாய்ல நெறஞ்சிரும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும். இதுக்காக எந்தப் பொம்பளை டாக்டர்கிட்ட வர்றா?” பிறகு நிக்குலினாவைப் பார்த்து, “உங்க அம்மா எதுல போனாங்க?” என்று கேட்டாள்.

“வயிறு வீங்கி” என்றாள் நிக்குலினா. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்ததுபோலத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

டாக்டரம்மா மகள் இருக்கிறாளா என்று கேட்டாள். இருக்கிறாள், மிரேலா, இத்தாலியில் ஒரு பணக்காரக் கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவளும் அங்கே ரத்தம் கொடுத்துப் பார்க்கட்டும், இது தாய் வழியில் வரலாம், தகப்பன் வழியிலும் வரலாம் என்றாள். ஆண்பிள்ளை எப்படி இதைக் கொடுக்க முடியும் என்று ஆங்கெல் வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தார். கேட்டிருக்கலாம். பொம்பளை சமாச்சாரம், வாய் வரவில்லை.

முதலில் நரம்பில் ஏற்றுகிற சொட்டு மருந்து, கட்டி சுருங்கிய பிறகு ஆபரேஷன், அப்புறம் மறுபடி சொட்டு மருந்து என்பது ஏற்பாடு. ஆபரேஷனுக்கு முன்னால்தான் நிக்குலினா பந்தி போட்டாள். கத்தி பட்டால் உள்ளே காற்றுப் படும், காற்றுப் பட்டால் பரவிவிடும் என்று ஊரில் நாலு பேர் நாலு கதை சொல்லியிருந்தார்கள். அவளும் நம்பினாள், அவரும் பாதி நம்பினார். மகள் லீவு கிடைக்காமல் வரவில்லை. தோட்டத்தில் மேஜைகளை வரிசையாகப் போட்டு, தலையில் முடியே இல்லாமல் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, தன் பந்தியில் தானே நின்று பரிமாறினாள் அந்த மகராசி. வாங்கினவர்கள் எல்லாரும் அழுதார்கள். கடைசியாகக் கோட்டை எடுத்து மெழுகுவத்தியோடு ஒல்கூத்தாவின் கையில் வைத்தாள். ஒல்கூத்தா அடுத்த வீடு, விதவை, நிக்குலினாவுக்குத் தங்கை மாதிரி.

அதற்கப்புறம் வயிற்றைக் கிழித்து, சினைப்பை, கருப்பை, குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை எல்லாவற்றையும் எடுத்தார்கள். காற்றும் பரவவில்லை, ஒன்றும் பரவவில்லை. குளிர்காலத்துக்குள் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள். இப்போது நோய் எதுவும் தெரியவில்லை என்றாள் டாக்டரம்மா. அப்போ குணமா என்று இவர் கேட்டார். தெரியவில்லை என்றுதான் மறுபடியும் சொன்னாள். இதற்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று இவருக்குப் புரியவில்லை.

ஊருக்கும் புரியவில்லை. அழுதவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அவளுடைய தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளே வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது? முதல் உறைபனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை ஒல்கூத்தா அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோவிலுக்கு வந்தாள். போடாமல் விட்டால் கொடுத்தவளுக்கு அங்கே போய்ச் சேராது என்பது நம்பிக்கை. கோவிலில் இருந்த அத்தனை தலையும் நிக்குலினா பக்கம் திரும்பின. அவள் ஆங்கெலின் பழைய டிராக்டர் ஜாக்கெட்டுக்குள் கையைச் சுருக்கிக்கொண்டு, “உனக்குத்தாண்டி எடுப்பா இருக்கு” என்று சிரித்தாள். புதுக் கோட்டு வாங்கிக்கொள் என்று இவர் எவ்வளவோ சொன்னார். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். 

போன வாரம் மறுபடி கிரயோவா. புற்றுக்காக ரத்தத்தில் பார்க்கிற எண் ஏறியிருந்தது. நிக்குலினாவுக்கு அதற்கு முன்பே தெரியும், பாவாடை நாடா சொல்லிவிட்டது.

“திரும்பி வந்திருக்கு” என்றாள் டாக்டரம்மா. “மறுபடி சொட்டு மருந்து ஆரம்பிக்கலாம். போன தடவை நல்லாக் கேட்டுச்சு. நெறைய நாள் இடைவெளியும் விட்டிருக்கு. இப்பவும் கேக்கும்னு நம்புறேன்.”

“கேட்டா தீந்துருமா?” என்றார் ஆங்கெல்.

“அடங்கும்.”

“அடங்கினா?”

“மறுபடி எழும்பலாம். மறுபடி அடக்குவோம். அடங்கி இருக்கிறப்ப சாப்பிடுறதுக்கு மாத்திரை இருக்கு.”

“அப்போ இவ பொழச்சவளா, இல்ல சாகப்போறவளா? எனக்கு வெவரமாச் சொல்லுங்கம்மா.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். “ரெண்டுக்கும் நடுவுல நெறையக் காலம் இருக்கலாம் ஆங்கெல் ஐயா. அந்தக் காலத்துக்காகத்தான் வரச்சொல்றேன். திங்கக்கிழமை காலையில கூட்டிட்டு வாங்க.”

திரும்பும் வழியில் கார் ஊர் எல்லையைத் தாண்டியது. சூரியகாந்திக் காடெல்லாம் பனியில் கிடந்தது. “நான் போகல” என்றாள் நிக்குலினா.

“எங்க?”

“திங்கக்கிழமை. பந்தி போட்டாச்சுயா. எல்லாரும் அழுதாச்சு. என் கணக்கு முடிஞ்சுபோச்சு. வருஷா வருஷம் ஊரைக் கூட்டி அழவைக்க நான் என்ன திருவிழாவா?”

அவர் கோபித்தார், கெஞ்சினார், மறுநாள் பூராவும் பேசாமல் இருந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மிரேலா போனில் அழுதாள். “யாரு பெத்த அம்மாவையோ தெனம் குளிப்பாட்டி விடுறேன்ப்பா, எங்கம்மாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க முடியல. நீதான் பேசிப் புரியவைக்கணும்” என்றாள். இவருக்கே புரியாததை இவர் யாருக்குப் புரியவைப்பது?

ஆனால் மனுஷன் டிராக்டர் ஓட்டினவர். வண்டி நகரவில்லை என்றால் எங்கேயோ ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் நகரும், அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நிக்குலினாவின் வார்த்தையையே பிடித்துக்கொண்டார். பந்திதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. கொடுத்ததெல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, அவளும் பாதி அங்கே போய்விட்டாள். கொடுத்ததைத் திருப்பி வாங்கிவிட்டால்?

விசாரியோன் பாதிரியார் கோவில் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். சின்ன வயசுக்காரர்தான், ஆனால் சாமி சாமிதானே. ஆங்கெல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

“சாமி, போட்ட பந்தியை ரத்து பண்ண ஏதாவது செபம் இருக்கா?”

பாதிரியார் கோடாலியைக் கட்டையில் விட்டுவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். “குடிச்சிருக்கீங்களா?”

“இல்ல சாமி. தவக்காலம் வேற வரப்போகுது.”

“அப்படி ஒரு செபம் புஸ்தகத்துல இல்ல. ஞானஸ்நானத்தை ரத்து பண்ண முடியுமா? அது மாதிரிதான். ஆமா, எதுக்கு?”

சொன்னார். பாதிரியார் தாடியைத் தடவினார். “நிக்குலினாம்மா போட்டது ஆத்துமாவுக்கு. ஒடம்புக்கு இன்னும் யாரும் எதுவும் படிக்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். அவள் வரமாட்டேன் என்கிறாளே, அதற்குத்தானே இவ்வளவும் என்று ஆங்கெலுக்கு ஆத்திரமாக வந்தது. பாதிரியார் மறுபடி கோடாலியை எடுத்துக்கொண்டார்.

சாமி இல்லை என்றால் என்ன, நேராக ஆளிடமே கேட்டுவிடுவது என்று ஒல்கூத்தா வீட்டுக்குப் போனார். கதவைத் தட்டும்போதே முகம் சிவந்துவிட்டது. தானம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவன் என்று இந்த ஊரில் இதுவரை ஒருத்தன்கூடப் பேர் வாங்கியதில்லை. உள்ளே கட்டில் மேல் பெரிய பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. துணிகளெல்லாம் அடுக்கடுக்காக இருந்தன. கோட்டு ஆணியில் தொங்கியது.

“எங்க கெளம்பிட்ட?”

“உக்காருங்கண்ணே. ஸ்பெயினுக்கு. மருமகளுக்கு மாசமாச்சு, ரெட்டைப் புள்ளையாம். பையன் டிக்கெட் அனுப்பிட்டான். அக்கா சொல்லலையா?”

சொல்லவில்லை. ஒல்கூத்தா ஒரு சின்னக் கிளாஸில் பிளம் சாராயம் ஊற்றி வைத்தாள். அவர் அதைத் தொடாமல், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாததால் நேராகவே சொன்னார்.

“கோட்டைத் திருப்பிக் குடு.”

ஒல்கூத்தா அவரைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். “என்னண்ணே சொல்றீங்க? கையில மெழுகுவத்தி புடிச்சு வாங்கினது. ஆண்டவர் மன்னிப்பாராகன்னு என் வாயால சொல்லியிருக்கேன். திருப்பிக் குடுத்தா அக்கா அங்க குளுர்ல நிக்கும்.”

“இங்க நிக்கிறாளே.”

“இங்க நீங்கதான் இருக்கீங்களே.”

அவர் தன் கணக்கை எல்லாம் அவிழ்த்துக் கொட்டினார். பந்தி, கோட்டு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது, திங்கட்கிழமை, எல்லாம். சொல்லச் சொல்ல அவருக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஒல்கூத்தா ஒரு பாவாடையை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றாள்.

“பந்தியாவது கிந்தியாவது” என்றாள் கடைசியில். “பந்தி போட்டுட்டு யாருண்ணே மருந்து சாப்பிடாம இருக்காங்க? எங்க மாமியார் பந்தி போட்டுட்டுப் பல்லு கட்டிக்கிட்டு வந்துச்சு. அக்கா ஏன் போகலன்னு உங்களுக்கு நெசமாவே தெரியாதா?”

“தெரிஞ்சா உன் வாசல்ல ஏன்டி நிக்கிறேன்?”

“நான் போறேன்னு சொன்னப்பவே அக்கா முடிவு பண்ணிருச்சு. போன தடவை வாந்திச் சட்டி யாரு புடிச்சா? முடி கொட்டினப்ப யாரு மழிச்சு விட்டா? ஆபரேஷன் முடிஞ்சு வந்து வயித்துல தெனம் ஊசி போடணுமே, யாரு போட்டா?”

“நீதான்.”

“நீங்க எங்கண்ணே இருந்தீங்க?”

எங்கே இருந்தார்? கிரயோவாவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே காருக்குள் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் திராட்சைக் கொடிக்கால் பக்கம் போனார். அந்த வருஷம் கொடிகளுக்கு நடந்த கவாத்தும் களையெடுப்பும் அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததில்லை. வீட்டுக்குள் அறைக் கதவு சாத்தியிருக்கும். பொம்பளைகள் இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள், நாம் எதற்கு என்று இருந்துவிட்டார். கதவைச் சாத்தியது நிக்குலினாதானே? அல்லது இவர் தட்டாததால் அது சாத்தியே கிடந்ததா? இப்போது எவ்வளவு யோசித்தும் எது முதலில் என்று பிடிபடவில்லை.

“அக்கா உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்ல” என்றாள் ஒல்கூத்தா. “அவருக்கு அருவருப்பு, பாவம், அவரைக் கூப்பிடாதேன்னு மட்டும்தான் சொல்லும். இதை உங்ககிட்டச் சொன்னேன்னு தெரிஞ்சா என்னை உண்டு இல்லன்னு பண்ணிரும்.”

அருவருப்பா? கூட்டுப்பண்ணைக் காலத்தில் மாட்டுக்குள் தோள்வரை கையை விட்டுக் கன்று இழுத்த மனுஷன் அவர். சாணியிலும் ரத்தத்திலும் நின்றுகொண்டு ரொட்டி தின்றிருக்கிறார். அருவருப்பு இல்லை, பயம், பயம் என்று அந்த இடத்திலேயே கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த அறைக்குள் போய் அவளைப் பார்த்துவிட்டால், அவள் சாகிறாள் என்பது உண்மையாகிவிடும் என்ற பயம். இதைப் போய் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சாராயத்தை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாராயம் ரொம்பக் காட்டம் என்றார்.

ஒல்கூத்தா ஆணியைப் பார்த்தாள். பிறகு கோட்டை எடுத்துத் தோள்பட்டையைத் தட்டிவிட்டு அவர் கையில் போட்டாள்.

“திருப்பித் தரலண்ணே, அது பாவம். இரவல் தர்றேன். ஸ்பெயின்ல இதுக்கு வேலை இல்ல. ஆனா இலையுதிர் காலத்துல வந்துருவேன். மொத குளுருக்கு எனக்குக் கோட்டு வேணும். அக்காவே கொண்டுவந்து என் கையில தரணும். நீங்க கொண்டுவந்தா வாங்க மாட்டேன்.”

வீட்டுக்குள் நுழைந்தபோது நிக்குலினா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டிருந்தாள் என்று சொல்வதுதான், வயிறு மறுபடி முன்னால் வந்து நின்றதால் கை பாதம்வரை போகவில்லை. காலுறையைத் தரையில் விரித்துப் போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அப்புறம் அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

“யோவ், என்னய்யா பண்ணித் தொலைச்ச?”

“இரவல்” என்றார்.

“என்னது?”

“திருப்பித் தரமாட்டாளாம். இரவலாத் தந்தா. மொத குளுருக்கு நீயே போய்க் குடுக்கணுமாம்.”

நிக்குலினா சிரிக்க ஆரம்பித்தாள். என் கோட்டே எனக்கு இரவலா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதய்யா வலிக்குது என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் நின்று எந்த இடத்தில் அழுகையானது என்று அவருக்குத் தெரியவில்லை. கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவருக்குக் கொடிக்காலில் ஏதாவது ஒரு வேலை ஞாபகத்துக்கு வரும். இன்றைக்கும் வந்தது. போகவில்லை.

குனிந்து காலுறையை எடுத்தார். “காலை நீட்டு.”

“வேணாம். விடு.”

“நீட்டுன்னு சொல்றேன்.”

“ஒல்கூத்தா போறதுக்கு முன்னாடி ஒருக்கா வருவா. அவ போட்டு விடுவா. நீ போய் உன் வேலையைப் பாரு.”

அவர் கணப்புக்குப் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பாதத்தைப் பிடித்து, கன்றை இழுக்கிற மாதிரி நிதானமாக வெளியே இழுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். கணுக்கால் வீங்கியிருந்தது. பாதம் சில்லென்று இருந்தது. காலுறையை நுழைத்தால் கட்டைவிரல் நகத்தில் மாட்டியது. நகங்கள் நீளமாக, வளைந்து, ஒன்று பக்கத்து விரலைக் குத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளாக இதை யார் வெட்டியிருப்பார்கள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

“நகவெட்டி எங்க?”

“டிராயர்ல. கவாத்துக் கத்திரியைத் தூக்கிட்டு வந்துறாத.”

உண்மையில் ஒரு நொடி அவர் கண் சுவரில் தொங்கிய கவாத்துக் கத்திரியின் பக்கம்தான் போனது. நகவெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். காதுவரை சிவந்திருந்தது. நாற்பது வருஷமாக ஒரே கட்டிலில் படுக்கிற பெண், ஒரு கால் விரலுக்காக இப்படி வெட்கப்படுகிறாளே என்று நினைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலில் ஆரம்பித்தார். ஒன்று போனது. அடுத்தது போனது. மூன்றாவதில் சதையைச் சேர்த்துக் கடித்துவிட்டது நகவெட்டி. ரத்தம் முத்தாகப் புறப்பட்டது.

அவர் நிமிர்ந்தார். நிக்குலினா ஜன்னலுக்கு வெளியே கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெட்டிட்டேன்” என்றார்.

“வெட்டு. அதுக்குத்தான உக்காந்திருக்க.”

“நகத்தை இல்ல. விரலை.”

அவள் திரும்பிப் பார்த்தாள். ரத்தத்தைப் பார்த்து, “அட, தெரியவே இல்ல” என்றாள், அடுத்த வீட்டுக்காரியின் காலைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

“எப்பேர்ந்து?”

“மருந்து ஏத்தினதுலேர்ந்து இப்படித்தான். பாதம் ரெண்டும் மரத்துக் கெடக்கு. தரை எங்க இருக்குன்னு பாத்துப் பாத்துதான் நடக்குறேன். கையிலகூடக் கொஞ்சம். பொத்தான் போட வரல.”

போன வருஷம் முழுக்க அவள் தோட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. சோர்வு என்று நினைத்திருந்தார். வருத்தம் என்றும் நினைத்திருந்தார். தரையைத்தான் பார்த்திருக்கிறாள்.

“வேற என்னெல்லாம் எனக்குத் தெரியாது?”

“நெறைய” என்றாள். 

அவர் கட்டைவிரலால் அந்தச் சின்ன வெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அழுத்துவதும் அவளுக்குத் தெரிந்திருக்காது. கணப்பில் விறகு சரிந்தது. டாக்டரம்மா சொன்ன அந்த நடுவில் உள்ள காலம் இதுதானா, இப்படித்தான் இருக்குமா, இதை எத்தனை தடவை செய்ய வேண்டியிருக்கும் என்றெல்லாம் மனசுக்குள் ஓடியது. ஒன்றும் தெளியவில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

“திங்கக்கிழமை எத்தனை மணிக்குக் கெளம்பணும்?” என்றார், பாதத்தைப் பார்த்துக்கொண்டே.

நிக்குலினா தலைத்துணியை அவிழ்த்து, பல்லால் ஓரத்தைக் கிழித்து, ஒரு துண்டை அவரிடம் கொடுத்தாள். அவர் அதை விரலில் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு பெரிதாக வந்துவிட்டது.

“மொதல்ல கையில எடுத்த வேலையை முடி” என்றாள்.

அது சரி என்பதா இல்லை என்பதா என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு, தரை எங்கே, முக்காலி எங்கே என்று கண்ணால் அளந்து, அந்த இன்னொரு காலை மெல்லத் தூக்கி அவர் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.